இலையின் பின்பக்கம் கேட்டவள்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, நாத்தனார் செத்தபோது என் இடுப்பில் ஏறிக்கொண்டது இரண்டு. ஒன்றும் சோடை போகவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன். யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மெதுவாகத்தான் வரும்.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட் நிற்பது என் மாமனார் மனையில். அதனால் புதிதாக யார் குடிவந்தாலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போகவேண்டும். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் என் நாற்காலி லிஃப்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அப்படித்தான் அவளையும் பார்த்தேன். அறுபது தாண்டிய பொம்பளை. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பிறந்தவளாம், பாதி ஆயுசு வடக்கே கழித்தவளாம். அவள் புருசன் ராணுவ ஃபாக்டரியில் ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் ஆவடியில் ரிட்டயர் ஆனவர். லாரியில் இருந்து பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, அப்புறம் பழைய செய்தித்தாள் கட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டு அவிழ்ந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே காய்ந்த இலை. எல்லாக் கட்டிலும் இலைதான்.

நாட்டு வைத்தியம் பார்க்கிற பொம்பளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாமா, இதுல முட்டி வலிக்கு எதுனா கீதா?" என்று கேட்டேன்.

"இது எதுக்கும் ஆகாதுங்கக்கா," என்றாள்.

எதற்கும் ஆகாததை ஒருத்தி இவ்வளவு பத்திரமாகக் கட்டி வைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அவளுக்கு இலைக்காரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

விசயம் என்னவென்றால், பாப்லர் என்று ஒரு மரம் இருக்கிறது. நம் பக்கம் கிடையாது, குளிர்ப் பிரதேசத்து மரம். வடக்கே தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் அதைத்தான் அறுக்கிறார்களாம். அதில் பல வகை. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இவள் அங்கே ஒரு மர ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊரில் இருப்பவர்கள் போட்டோ அனுப்புவார்கள், இலை ஒட்டிய குச்சியை உறையில் போட்டு அனுப்புவார்கள். இது இன்ன வகைப் பாப்லர் என்று இவள் சொல்லவேண்டும். வேலையே அதுதான். ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருந்து அவள் செல்போனுக்கு மரத்தின் படம் வரும். அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவாள். இலையின் பின்பக்கம் அனுப்பவும்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு பாப்லர் கிடையாது. பூந்தமல்லியில் கிடையாது. அம்பத்தூர் வரைக்கும் போனாலும் கிடையாது. நீச்சல் வாத்தியார் வறண்ட ஏரிக்கரையில் குடிவந்த மாதிரி அவள் எங்கள் மாடியில் குடியிருந்தாள்.

மரம் இல்லாத குறைக்கு மற்றதை எல்லாம் பாப்லர் மாதிரி பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் கரையான்சாவடி மீன் கடைக்கு என்னோடு வந்தாள். மீன்காரி ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். இவள் அதைத் திருப்பச் சொன்னாள். அடிவயிற்றைக் காட்டச் சொன்னாள். வாலை விரிக்கச் சொன்னாள். அப்புறம் பக்கத்தில் இருந்த மீனையும் அதேபோல காட்டச் சொன்னாள்.

"இன்னாமே, கொயம்பு வைக்கப் போறியா, இல்ல மீனுக்கு ஆதார் கார்டு எடுக்கப் போறியா?" என்றாள் மீன்காரி.

"ரெண்டும் ஒரே மீனுன்னு சொல்றீங்க. எனக்கு அப்படித் தோணலைங்க."

"தோணாட்டி போ. அதுங்களுக்கே தோணல, செத்துக் கெடக்குதுங்க."

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு அவளை இழுத்து வந்தேன். குழம்பில் போட்டபிறகு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொன்னால், வெந்த பிறகு எதையும் சொல்ல முடியாதுங்கக்கா என்றாள்.

எங்கள் வீட்டுக்குள் முதல்முறை வந்தபோது சுவரில் மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் நின்றாள். மற்றவர்கள் என்றால் கும்பிடுவார்கள், நல்ல களை என்பார்கள். இவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பக்கவாட்டுல எடுத்தது ஒண்ணு இருக்குதுங்களா?" என்றாள். அந்த மனுசன் பக்கவாட்டில் நிற்கவே மாட்டார், காது மடங்கியிருக்கும் என்று வெட்கம். அதை இவளிடம் போய் எப்படிச் சொல்வது.

அவள் புருசன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னால்கூட எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறவளிடம் அவர் என்ன பேசுவார்.

அசோசியேசனில் ஒருமுறை செருப்பு காணாமல் போனது. கேமராவில் படம் விழுந்திருந்தது. லுங்கி, தொப்பை, கையில் செருப்பு. தெருநாய்க்குக்கூடத் தெரியும் அது செக்ரட்டரி என்று. பூஜை அறைக்குப் போனவர் ஞாபகப்பிசகில் அடுத்தவர் செருப்பை எடுத்துவந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டிங் போட்டு இலைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். படம் பார்த்துச் சொல்வதுதானே அவள் தொழில்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "செருப்பு நல்லாத் தெரியுதுங்க. ஆளு ஒரு பக்கந்தான் தெரியுது, மூஞ்சி விழலை. முன்பக்கம் வேணும். இல்லாட்டி சட்டை போடாம இதே லுங்கியில அவரை நடக்கவிட்டுப் பாக்கோணும்."

"மேடம், தொப்பை தெரிதே, அது போதாதா?" என்றான் என் பெரிய மகன் குமார்.

"தொப்பையை வச்சு வகை பிரிக்க முடியாது தம்பி. இங்கேயே நாலஞ்சு பேருக்கு இருக்குது."

குமார் உட்பட நாலைந்து பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு செக்ரட்டரி அவளை எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பார்.

கரையான்சாவடி பழக்கடை வாசலில் ஆப்பிள் பெட்டிகள் உடைந்து கிடக்கும். ஒருநாள் அவள் அப்படியே நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பலகையை எடுத்து மோந்து பார்த்தாள், நகத்தால் கீறினாள். பாப்லர் பலகை அக்கா, என்றாள். குரலே மாறிப்போயிருந்தது. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. எந்தப் பாப்லர் என்று கேட்டேன், மரியாதைக்கு. "பலகையை வச்சு எப்படிங்கக்கா சொல்றது? பெட்டி ஆயிருச்சே," என்றாள். ஆனாலும் அந்தப் பலகையை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவன் ஆணி குத்துகிறது என்று வழியெல்லாம் சண்டை போட்டான்.

இதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு என் பேத்தி கல்யாணம் வந்தது.

வினோதினி, குமாரின் மகள். கம்ப்யூட்டர் வேலை. முதலில் ஒரு இடம் பேசி, நிச்சயத்துக்குப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. பையன் காட்டிய வேலையும் பொய், காரில் சாய்ந்து நின்ற போட்டோவில் இருந்த காரும் இரவல் என்று கடைசியில் தெரிந்தது. அன்றிலிருந்து குமாருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பெண்ணுக்கோ போட்டோ என்ற பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அப்புறம் ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்று வந்தது. பையன் லடாக்கில் ரோடு போடுகிற கம்பெனியில் எஞ்சினியர். போட்டோவில் ஒரு மரத்தடியில் நின்றான். வினோ இந்தமுறை எழுந்து போகவில்லை. இரண்டு பேரும் போனில் பேசினார்கள். பேசும்போது அவள் சிரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இது முடிந்துவிட்டால் போதும் என்று நான் மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஒரு பேச்சுக்கு இலைக்காரம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். அதுதான் நடந்தது எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அவள் செல்போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். பெரிசாக்கப் பெரிசாக்க மாப்பிள்ளை ஓரத்துக்குப் போய், வெளியே விழுந்து, மரம் மட்டும் நின்றது.

"பாப்லர்," என்றாள்.

"பையன் எப்படி கீறான்?"

"எந்தப் பையன்?"

இலையின் முன்பக்கம், பின்பக்கம், காம்பு, பட்டை எல்லாம் வேண்டும் என்றாள். குமார் தலையில் அடித்துக்கொண்டான். "சம்மந்தி ஊட்டுக்கு போன் பண்ணி மரப்பட்டை கேக்கச் சொல்றீங்களா? பைத்தியம்னு நெனைப்பாங்க." வினோதான் பையனிடம் நேராகக் கேட்டாள். அந்தப் பிள்ளை ஏன் எதற்கு என்று கேட்காமல் மறுநாளே அனுப்பிவிட்டான்.

அனுப்பினானே, அங்கேதான் வந்தது வினை. கையில் இரண்டு இலையை வைத்துப் படம் எடுத்திருந்தான். ஒன்று அரளி இலை மாதிரி நீளமாக, ஒல்லியாக. இன்னொன்று பூவரசு இலை மாதிரி வட்டமாக, ஓரத்தில் பல் வைத்து. இரண்டும் ஒரே மரத்தில் பறித்தது என்று எழுதியிருந்தான்.

குமார் பார்த்தான். "ஒரே மரத்துல ரெண்டு இலையா? யம்மா, நீயே சொல்லு, எங்கனா பாத்துகிறியா? இவன் அங்க இல்லவே இல்ல. எவன்கிட்டயோ சொல்லி எங்கயோ பறிச்சு வாங்கிகினு கதை உடறான். ஒரு இலைல பொய் சொல்றவன் நாளைக்கு எதுலதான் சொல்ல மாட்டான்?"

"அப்பா, அவரு ஏன்ப்பா இலைக்குப் பொய் சொல்லணும்?" என்றாள் வினோ.

"கார்க்கு ஒருத்தன் சொல்லல?"

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லோருமாக மாடிக்குப் போனோம். இலைக்காரம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரே மரத்துல ரெண்டு வகை இலை வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க மேடம்," என்றான் குமார்.

"வரும்னு படிச்சிருக்கேன் தம்பி. ஒரு வகை பாப்லர்ல கீழ்க்கிளையில நீள இலை, மேல வட்ட இலை. ஆனா அது என் மேசைக்கு வந்ததே இல்லை. நான் கையில பார்த்ததில்லை."

"இது அதுவா?"

"குச்சியோட பாக்காம சொல்ல மாட்டேனுங்க."

"அப்ப தெரியாது."

"தெரியாதுன்னும் சொல்லலை. சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்."

குமார் கீழே வந்து தரகருக்குப் போன் போட்டு, ஆடி பிறப்பதற்குள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். வினோ அழவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடி மாடி ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முட்டி வலியோடு ஏறியதால் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

"இன்னாமா நெனைச்சுகினுகீறே? ஒரு பொண்ணு வாழ்க்கை. ஆமா, அந்த மரந்தான்னு ஒரு வார்த்தை சொன்னா நீ இன்னா கொறஞ்சா பூடுவே?"

அவள் எனக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, நான் சொல்லிட்டா எல்லாரும் நம்பிருவாங்க. அதனாலதான் சொல்லாம இருக்கேன்."

"நம்பட்டுமே. அதுக்குதான கேக்கறோம்."

"தப்பா இருந்தா? அந்தப் பையன் நெசமாவே பொய்யனா இருந்தா? வினோவை நான் தள்ளிவிட்ட மாதிரி ஆயிராதுங்களா?"

அது நியாயம்தான். ஆனால் தோற்றுப்போய் எழுந்து வருவது என் பழக்கம் இல்லை. "மீனு வாங்கக்கூட நீ லாயக்கில்ல," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. லிஃப்டில் இருந்து அவள் வெளியே வந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவளும் நின்று, என் முகம் பக்கவாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு அம்மா இறங்கினாள். பின்னாலேயே ஒரு பையன், முகமெல்லாம் பனியில் வெந்து கறுத்து, மூக்கு மட்டும் உரிந்து. கையில் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டிய ஒரு பார்சல். போட்டோவில் பார்த்த பிள்ளைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்ட இடம், பெண் பார்க்க வந்து நிற்கிறார்களே.

"வாங்க," என்றேன்.

"உங்க வீட்டுக்கு வரலைங்க அம்மா," என்றாள் அவன் தாய். "உங்க பையன் வேண்டாம்னுட்டாரு, சரி. ஆனா என் பிள்ளையைப் பொய்யன்னு சொன்னீங்களாமே. மாடியில யாரோ இலை பார்க்கற அம்மா இருக்காங்களாம். அவங்களைப் பார்க்க வந்தோம். எத்தனாவது மாடி?"

அவர்கள் ஏறிவிட்டார்கள். நான் குமாரை எழுப்பி, வினோவைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். செக்ரட்டரியும் வந்துவிட்டார், எதற்கென்று தெரியாமலே.

இப்படி ஒரு பெண் பார்க்கும் சடங்கை எங்கும் பார்த்திருக்க முடியாது. இலைக்காரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்சல் கிடந்தது. சுற்றி நாங்கள். பையன் சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான். ஏர்போர்ட்டில் மூன்று பேர் பிரித்துப் பார்த்தார்களாம். ஒருத்தர் மோந்து பார்த்தாராம். பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் பாவம் என்று விட்டுவிட்டார்களாம். வினோ சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள்.

செய்தித்தாள் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. உள்ளே ஒரு குச்சி. அடியில் அரளி மாதிரி இலைகள். நுனியில் பூவரசு மாதிரி இலைகள். நடுவில் இரண்டுங்கெட்டானாக ஒன்று.

குமார் விடுவானா. "பசை போட்டு ஒட்டிகீதா பாரு," என்று நகத்தால் காம்பைச் சுரண்டினான். ஒரு இலை கழன்று விழுந்தது.

"தம்பி, கையை எடுங்க."

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். குமார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒவ்வொரு காம்பும் குச்சியில் சேருகிற இடத்தைப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். காம்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினாள். வினோ காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை, ஆறிப்போய் ஆடை கட்டியது. பையனின் தாய் என் காதருகே வந்து, "ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டாங்க," என்றாள். நான் பெருமையாக, "இது ஒண்ணும் இல்ல, மீன் கடையில நீங்க பாக்கணும்," என்றேன்.

கடைசியில் கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் பிள்ளையைக் கையில் வாங்கியவள் முகம்.

"ஒரே மரம். ஒரே கிளை," என்றாள். ஒரு பெயர் சொன்னாள், இங்கிலீசு மாதிரி இருந்தது, இங்கிலீசு இல்லையாம். "இத்தனை வருசத்துல இப்பத்தானுங்க தொடறேன். பையன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லை."

பையனின் தாய் குமாரைப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் கழன்று விழுந்த இலையைப் பொறுக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அப்ப மாப்பிள்ளை நல்ல பையன்தான மேடம்?" என்றான், குரலை இறக்கி.

இலைக்காரம்மா முதன்முறையாக அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். மேலிருந்து கீழே வரை பார்த்தாள். அந்தப் பிள்ளை, யாரும் சொல்லாமலே, மெல்லத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது.

"மரத்தைத்தான் நான் பார்த்தேன் தம்பி. ஆளை இப்பத்தானே பாக்கறேன். மழைக்காலத்துல ஒருக்கா, வெயில் காலத்துல ஒருக்கா பாக்கோணும்."

"ஆன்ட்டி, அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் வினோ.

பையனின் தாய்தான் முதலில் சிரித்தாள். ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள். அவர்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமாம்.

ஆவணியில் கல்யாணம். வானகரத்துப் பக்கம் மண்டபம். இலைக்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவருசம் மகளோடு இருக்க வடக்கேயே போய்விட்டாள். கட்டுகள் எல்லாம் திரும்ப லாரி ஏறின. நான் எப்போதாவது போன் போட்டு, நல்லாகீறேன்மா என்றால், "குரலை வச்சுச் சொல்ல முடியாதுங்கக்கா, வீடியோவுல வாங்க," என்பாள். வந்தால் முகத்தைத் திருப்பச் சொல்வாள். திருப்பிக் காட்டுகிறேன். வேறு யார் என்னை இவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்.

வினோ பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இந்தாம்மா வினோ, முதலில் இருந்து படித்துக் காட்டு, எழுத்து விட்டுப்போயிருந்தால் சொல்லு. லடாக் இலை வந்த இடத்தில் இருந்து மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. உங்கப்பன் உள் ரூமில்தான் கீறான், கதவு திறந்துதான் கீது.